அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆண்டு: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

பத்தாம் வகுப்பு முடித்த என் அக்கா மகள், பரிமாற்ற மாணவியாக விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊருக்குப் போனாள். போகும் முன் பெட்டியில் என்ன வைப்பது என்று யோசித்த அளவுக்கு நாங்கள் வேறு எதையும் யோசிக்கவில்லை. அங்கே இன்னொரு வீட்டில் பத்து மாதம் பிள்ளையாக இருக்கப் போகிறாள் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. பட்ட சிரமங்களில் பாதி அதனால் வந்தவைதான்.

முதலில் வயதுக் கணக்கு. இந்த மாணவர்களுக்கான ஜே-1 விசா பொதுவாக 15 முதல் பதினெட்டரை வயது வரை உள்ளவர்களுக்கு. பள்ளிப் படிப்பை முடிக்காதவராகவும் இருக்க வேண்டும். "பிளஸ் டூ முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் வாய்ப்பு போய்விடும். இன்னொன்று, அங்கே படித்த வருடம் இங்கே கணக்கில் வரும் என்று நம்பிவிடுவது. சிபிஎஸ்இ-யில் பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து ஒரே ஈராண்டுப் படிப்பு. திரும்பி வந்து நேராகப் பன்னிரண்டில் உட்கார்வது எளிதல்ல. எங்கள் பெண் பதினொன்றில்தான் சேர்ந்தாள். அந்த ஒரு வருடத்தை இழக்க மனமிருக்கிறதா என்று முதலிலேயே பேசி முடிவெடுங்கள். திரும்பி வந்தால் எந்த வகுப்பு என்பதைப் பள்ளி முதல்வரிடம் எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அரசே முழுச் செலவையும் ஏற்கும் 'கென்னடி-லூகர் யெஸ்' திட்டத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் வேலை விசா போன்ற சிலவற்றுக்கு அவர்கள் தகுதி பெறுவார்கள்.

அப்புறம் தடுப்பூசி. குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசிகளுக்கான அட்டை பல வீடுகளில் தொலைந்திருக்கும். அங்கே பள்ளியில் சேரும்போது அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் போட்ட ஊசியையே மறுபடி போட வேண்டி வரும். நமக்குப் பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவதால், தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனை சிலருக்கு நோய் இல்லாமலே 'இருக்கிறது' என்று காட்டிவிடும். அப்படி வந்தால் பயப்படாமல் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிசிஜி அதைப் பாதிக்காது.

விண்ணப்பத்தில் ஹோஸ்ட் குடும்பத்துக்கு, அதாவது பிள்ளையைத் தங்கவைக்கும் வீட்டாருக்கு, ஒரு கடிதம் எழுத வேண்டும். நாங்கள் அதை மதிப்பெண் பட்டியலாக்கிவிட்டோம். ஜே-1 திட்டத்தில் பிள்ளையை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. வரிக் கணக்கில் மாதத்துக்கு 50 டாலர் வரை நன்கொடையாகக் காட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். காசுக்காக இல்லாமல் ஒரு பிள்ளைக்கு வீட்டில் இடம் கொடுக்கிறவர்கள் அவள் ரேங்கைத் தேட மாட்டார்கள். தம்பியோடு எதற்குச் சண்டை போடுவாள், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாள், நாய் என்றால் பயமா என்பதைத்தான் தேடுவார்கள்.

சாப்பாட்டு விஷயம்தான் அவளை அதிகம் வாட்டியது. நம் வீடுகளில் யாராவது பரிமாறினால் முதலில் "வேண்டாம்" என்போம், அவர்கள் வற்புறுத்துவார்கள், பிறகு வாங்கிக்கொள்வோம். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரண்டாவது முறை கேட்பது மரியாதை இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் அவள் பல இரவு அரைப் பட்டினி. பசித்தால் பசிக்கிறது என்று சொல்ல, புறப்படும் முன்பே பழக்குங்கள். சைவம் என்றால் எதுவரை சைவம் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். முட்டை சாப்பிடுவாளா? மார்ஷ்மெல்லோவில் பொதுவாக ஜெலட்டின் இருக்கும். டப்பாவில் வரும் மசித்த பீன்ஸ் சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். இதெல்லாம் அவர்களுக்குத் தானாகத் தோன்றாது. மூன்று சமையலாவது கற்றுக்கொண்டு போனால் அந்த அடுப்படியில் அவளுக்கும் ஒரு இடம் கிடைக்கும்.

பெரிய தவறு எங்களுடையது: தினமும் வீடியோ கால். செப்டம்பரில் விஸ்கான்சினில் இரவு ஏழு மணி என்றால் சென்னையில் மறுநாள் காலை ஐந்தரை. அக்கா காபியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இங்கே அது வசதியான நேரம். அங்கே அதுதான் இரவுச் சாப்பாடு முடிந்து குடும்பம் ஹாலில் உட்காரும் நேரம். பெண் கதவைச் சாத்திக்கொண்டு எங்களோடு பேசினாள். ஒரு மாதம் கழித்து அந்த வீட்டு அம்மா, "அவளுக்கு எங்களைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று கோ-ஆர்டினேட்டரிடம் (மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் திட்டப் பொறுப்பாளரிடம்) வருத்தப்பட்டிருக்கிறார். அதைக் கேட்டு அக்கா அழுதுவிட்டாள். பிறகு வாரத்தில் ஒரு நாள் என்று மாற்றினோம். அக்டோபருக்குள் அவள் ஹாலில் அந்த வீட்டுச் சின்னப் பையனோடு சீட்டு விளையாட ஆரம்பித்துவிட்டாள்.

பள்ளி விளையாட்டில் சேராமல் இருப்பதும் இழப்புதான். இலையுதிர்காலப் பயிற்சிகள் பல இடங்களில் ஆகஸ்டிலேயே, வகுப்பு திறக்கும் முன்பே தொடங்கிவிடும். மருத்துவச் சான்று முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். நட்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

கடைசியாக, சொல்லாமல் பொறுத்துக்கொள்வது. "அடுத்தவர் வீட்டில் அனுசரித்துப் போ" என்றுதான் நாம் சொல்லி அனுப்புகிறோம். ஆனால் மனசுக்குச் சங்கடமாக ஏதாவது நடந்தாலோ, பயமாக இருந்தாலோ அனுசரிக்கவே கூடாது. கோ-ஆர்டினேட்டர் மாதம் ஒருமுறையாவது மாணவரைத் தொடர்பு கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது விதி. குடும்பத்தை மாற்றித்தரக் கேட்கலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையும் இந்த மாணவர்களுக்கென்று ஓர் உதவித் தொலைபேசி எண் வைத்திருக்கிறது. அந்த எண்ணைப் பிள்ளையின் போனில் மட்டும் அல்ல, நம் வீட்டு காலண்டரின் பின்பக்கத்திலும் எழுதி வையுங்கள்.