ஓ0-இல் ஓடுகிறது, ஓ2-இல் விழுகிறது: கெர்னலுக்குள் இன்லைன் அசெம்ப்ளி

சொந்தமாகக் குட்டி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதிப் பார்ப்பவர்களுக்கு ஒரு நாள் இது நடக்கும். ஓ0-இல், அதாவது ஆப்டிமைசேஷன் இல்லாமல், கம்பைல் செய்தால் ஒழுங்காக பூட் ஆகும். ஓ2, அதாவது நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷன், போட்டதும் கியூஎமு என்ற மெய்நிகர் கணினி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். எனக்கு நடந்தபோது இரண்டு நாள் கம்பைலரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என் பேரில்தான், நான் எழுதிய இன்லைன் அசெம்ப்ளியில்: சி நிரலின் நடுவே நேரடியாக எழுதும் ப்ராசஸர் கட்டளைகள்.

மேற்கோள் குறிக்குள் நீங்கள் எழுதும் அசெம்ப்ளி வரி என்ன செய்கிறது என்று ஜிசிசி கம்பைலர் பார்ப்பதே இல்லை. எத்தனை வரி என்று எண்ணி அளவைக் குத்துமதிப்பாகக் கணக்கிடும். ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன சேமிப்பிடம்) பெயர்களை இட்டு நிரப்பி அசெம்ப்ளரிடம் தள்ளிவிடும். உள்ளே நடப்பதை அதற்குச் சொல்வது, பின்னால் முக்காற்புள்ளி போட்டு நாம் எழுதும் மூன்று பட்டியல்கள் மட்டுமே: வெளியீடு, உள்ளீடு, க்ளாபர் (இவை தவிர அசெம்ப்ளி மாற்றிவிடும் மற்றவை). அதில் பொய் சொன்னால் ஓ0 பொறுத்துக்கொள்ளும், ஓ2 பொறுக்காது.

படி 1: வேண்டுமென்றே தப்பாக எழுதுவோம்

4096 பைட் கொண்ட ஒரு நினைவகப் பக்கத்தை பூஜ்யமாக்கும் சின்ன இன்லைன் ஃபங்ஷன் எழுதுங்கள். எக்ஸ்86-64-இல் (இன்டெல், ஏஎம்டி 64 பிட் ப்ராசஸர்கள்) அதற்கு, ஒரே மதிப்பை அடுத்தடுத்த பைட்டுகளில் எழுதும் ‘ரெப் ஸ்டாஸ்பி’ என்ற ஒரே கட்டளை போதும். ஆர்டிஐ ரெஜிஸ்டரில் முகவரி, ஆர்சிஎக்ஸில் எண்ணிக்கை, ஏஎல்லில் 0. மூன்றையும் உள்ளீட்டில் மட்டும் போடுங்கள். மற்ற இரண்டு பட்டியலும் காலி. இதை அழைத்த கையோடு, அந்தப் பக்கத்தின் முதல் இடத்தில் ஒரு மதிப்பை எழுதுங்கள்.

இந்தக் கட்டளை ஓடி முடிக்கும்போது ஆர்டிஐ 4096 கூடியிருக்கும், ஆர்சிஎக்ஸ் 0 ஆகியிருக்கும். ஓ0-இல் கம்பைலர் ஒவ்வொரு முறையும் ஸ்டாக்கிலிருந்து முகவரியைப் புதிதாக எடுப்பதால் ஒன்றும் தெரியாது. ஓ2-இலோ, “உள்ளீடுதானே, மாறியிருக்காது” என்று நம்பி அதே ஆர்டிஐயை மறுபடி பயன்படுத்தலாம். நீங்கள் எழுதிய மதிப்பு அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்காரும். என் விஷயத்தில் அது பேஜ் டேபிள், அதாவது நினைவக முகவரிகளை ப்ராசஸர் தேடும் அட்டவணை.

படி 2: திருத்துவோம், இன்னொன்று உடையும்

சரி, முகவரியையும் எண்ணிக்கையையும் வெளியீட்டுப் பட்டியலுக்கு மாற்றி, கூட்டல் குறி போடுங்கள். “இதைப் படிப்பேன், மாற்றவும் செய்வேன்” என்று அர்த்தம்.

இப்போது ஓ2-இல் பார்த்தால் ‘ரெப் ஸ்டாஸ்பி’யே காணாமல் போயிருக்கலாம்! வெளியீடே இல்லாத அசெம்ப்ளியை ஜிசிசி தானாகவே வாலடைல் (நீக்கக் கூடாதது) என்று எடுத்துக்கொள்ளும். நாம் வெளியீடு சேர்த்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அந்த இரண்டு மதிப்புகளையும் பிறகு யாரும் பயன்படுத்தவில்லை; அதனால் மொத்தமும் வேண்டாத வேலை என்று தூக்கிவிடும். வாலடைல் என்ற சொல்லைச் சேர்த்தால் கட்டளை திரும்பி வரும்.

படி 3: நினைவகத்தைத் தொட்டதைச் சொல்லுங்கள்

இன்னும் முடியவில்லை. ரெஜிஸ்டர்களைப் பற்றிச் சொன்னோம், 4096 பைட்டை அழித்ததைச் சொல்லவில்லை. முன்பே அந்தப் பக்கத்தில் 7 என்று எழுதியிருந்தால், அழித்த பிறகும் அங்கே 7 இருப்பதாகவே கம்பைலர் நினைக்கும். க்ளாபர் பட்டியலில் ‘மெமரி’ சேருங்கள். லினக்ஸ் கெர்னலின் ‘பேரியர்’ மேக்ரோ இதே விஷயம்தான்: உள்ளே ஒரு கட்டளைகூட இல்லாத காலி அசெம்ப்ளி, வாலடைல், மெமரி க்ளாபர். ப்ராசஸருக்கு ஒரு வேலையும் இல்லை, கம்பைலருக்கு மட்டும் ஒரு தடுப்பு.

படி 4: வாலடைல் எல்லாவற்றையும் காப்பாற்றாது

நேரம் அளக்க, ப்ராசஸரின் நேரக் கணக்கியைப் படிக்கும் ‘ஆர்டிடிஎஸ்சி’ கட்டளையை இரண்டு முறை அழைக்கிறீர்கள் என்று வையுங்கள். வாலடைல் இல்லாவிட்டால் இரண்டையும் ஒன்றாக்கி, வித்தியாசம் 0 என்று காட்டலாம். வாலடைல் போட்டாலும், நடுவில் இருக்கும் சாதாரணக் கணக்கை அது கட்டிப்போடாது. ஒரு கூட்டலோ பெருக்கலோ மேலேயோ கீழேயோ நகர்ந்துவிட்டால், வெறும் காற்றை அளந்துகொண்டிருப்பீர்கள். மெமரி க்ளாபரும் ரெஜிஸ்டருக்குள்ளேயே முடிந்துவிடும் கணக்கைத் தடுக்காது. அந்தக் கணக்கின் விடையை இரண்டாவது அசெம்ப்ளிக்கு ஓர் உள்ளீடாகக் கொடுத்தால், விடை தயாராகும் முன் அதைக் கம்பைலர் வைக்க முடியாது.

அப்புறம், 64 பிட் கெர்னலுக்கு ரெட் ஸோனை அணைக்கும் ஆப்ஷனை மறக்காதீர்கள். ஸ்டாக் பாயிண்டருக்குக் கீழே உள்ள 128 பைட்டை யாரும் தொடமாட்டார்கள் என்று கம்பைலர் நம்பும். கெர்னலில் இன்டரப்ட் வந்தால் ப்ராசஸர் அங்கேதான் எழுதும்.

படி 5: கண்ணால் பாருங்கள்

ஓ0, ஓ2 இரண்டிலும் கம்பைல் செய்து, கம்பைல் ஆனதை அசெம்ப்ளியாகக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் பிரித்து, உங்கள் ஃபங்ஷனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ‘ரெப் ஸ்டாஸ்பி’ இருக்கிறதா? அதற்குப் பிறகு ஆர்டிஐயை யாராவது நம்புகிறார்களா? ஓ0-இலேயே இருந்துவிடலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. லினக்ஸ் கெர்னல் ஓ0-இல் கம்பைல்கூட ஆகாது.