ரெமிங்டன் 700-க்குப் புதுக் கட்டை: மாட்டுவதும் பெட்டிங் போடுவதும்

அமெரிக்காவில் 1962-லிருந்து விற்கும் ரைஃபிள் என்பதால் ரெமிங்டன் 700-க்கு வெளிக் கம்பெனிக் கட்டைகள் (இரும்புப் பாகங்களைத் தாங்கும், தோளில் அண்டக் கொடுக்கும் மர அல்லது பிளாஸ்டிக் உடல்) கொட்டிக் கிடக்கின்றன. பெட்டியில் 'அப்படியே பொருந்தும்' என்று போட்டிருப்பார்கள். பொருந்தும்தான், ஆனால் சும்மாடு இல்லாமல் தலையில் வைத்த குடம் மாதிரி. இதன் ரிசீவர் (பேரலுக்குப் பின்னால், போல்ட் ஓடும் இரும்பு உடல்) உருண்டை, கட்டையில் இருக்கும் குழிவோ அதற்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும், அவ்வளவுதான். சுடும்போதெல்லாம் ரிசீவர் ஒரு மயிரிழை நகர்ந்து வேறு மாதிரி உட்கார்ந்தால் குண்டும் வேறு இடத்தில்தான் போய் விழும். அந்தச் சும்மாட்டை எபாக்ஸிப் பசையில் செய்து வைப்பதுதான் பெட்டிங்.

(இந்தியாவில் இருப்பவர்கள் இதை நீங்களே செய்யக் கிளம்ப வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும், உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.)

முதலில் தோட்டாக்கள் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். போல்ட்டை (தோட்டாவைத் தள்ளி மூடும் தண்டு) உருவி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டு விரலாலும் தொட்டுப் பாருங்கள். ஸ்கோப்பைக் கழற்றிவிடுங்கள்.

பசை இல்லாமல் ஒரு தடவை

எபாக்ஸியைத் திறக்கும் முன் வெறுமனே பொருத்திப் பாருங்கள். பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை மடித்து விட்டு முன்னால் இருந்து ரிசீவர் வரை இழுங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே, ஒரு உருட்டுக் கம்பியில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். போல்ட் கைப்பிடி கீழே இறங்கும்போது கட்டையில் இடிக்கக் கூடாது. ரிசீவரைக் கட்டையோடு பிடித்திருக்கும் முன் திருகையும் கவனியுங்கள்: புதுக் கட்டையோடு வரும் திருகு கொஞ்சம் நீளமாக இருந்தால் அதன் நுனி உள்ளே எட்டிப் போல்ட்டின் லக்கை (பூட்டும் பல்) முட்டும். திருகை முழுக்க இறுக்கியபின் போல்ட் மூடும்போது கரகரவென்று பிடித்தால் காரணம் அதுதான், நுனியை அரத்தால் குறைத்துவிடலாம்.

கட்டைக்குள் முழு அலுமினியச் சட்டம் இருந்தால் பெரும்பாலும் பெட்டிங்கே தேவைப்படாது. சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சுரண்டுவது, ஒட்டுவது, அடைப்பது

பெட்டிங் வேலையில் முக்கால்வாசி இதுதான். ரீகாயில் லக் (ரிசீவரின் முன்னால் கீழே நீட்டியிருக்கும், உதையைத் தாங்கும் இரும்புத் தகடு) உட்காரும் பள்ளத்தைச் சுற்றியும், ரிசீவரின் வால் உட்காரும் இடத்திலும் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுரண்டி எடுங்கள். திருகு ஓட்டைகளைச் சுற்றி, பில்லர் (திருகு நுழையும் உலோகக் குழாய்) இருந்தால் அதன் தலையை, தொடவே தொடாதீர்கள், ரிசீவரின் உயரம் மாறாமல் காப்பது அந்த இடங்கள்தான். சுரண்டிய பரப்பு சொரசொரப்பாகவும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமலும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கட்டையில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது, அதனால் சாய்வாகச் சில குட்டித் துளைகள் போட்டுவிட்டால் பசை அதற்குள் இறங்கிக் கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும்.

ரீகாயில் லக்கின் முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடி ஆகிய இடங்களில் டேப் ஒட்டுங்கள். பின்பக்கத்தில் மட்டும் ஒட்டாதீர்கள். சுடும்போது உதையைத் தாங்க வேண்டியது அந்தப் பின்முகம் ஒன்றுதான், மற்ற பக்கங்களில் இடைவெளி இருந்தால்தான் கழற்றி மாட்டும்போது சுரண்டாமல் நேராக இறங்கும். பேரலின் முன்பகுதியில் கட்டையின் நடுவில் சரியாக நிற்கும் வரை எலெக்ட்ரிகல் டேப்பைச் சுற்றுங்கள்.

அப்புறம் களிமண். பிள்ளைகள் உருட்டி விளையாடும் களிமண் போதும். டிரிகரைக் கழற்றிவிட்டு, அந்த ஊசித் துளைகள், போல்ட் ஸ்டாப் சந்து, திருகுத் துளைகள் என்று ரிசீவரில் உள்ள ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்து, பிளேடால் மட்டமாக வழித்துவிடுங்கள். முதல் தடவை நான் ஒரே ஒரு ஊசித் துளையை விட்டுவிட்டேன். எபாக்ஸி அதற்குள் போய் இறுகி ஆணி அடித்தது மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி முழுக்க ஃப்ரீசரில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் ரைஃபிளைப் படுக்க வைத்து, காலையில் ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் பிரித்தேன். வீட்டில் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது.

பசை போடும் நாள்

எபாக்ஸி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, நிறமில்லாத ஷூ பாலிஷை இரும்பு எல்லாவற்றிலும், திருகுகளிலும்கூட, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தேய்ப்பது போல மெல்லிசாக இரண்டு தடவை பூசித் துடையுங்கள். சந்தேகமாக இருக்கும் இடத்தில் மூன்றாவது தடவையும் பூசுங்கள்.

டெவ்கான் ஸ்டீல் புட்டி, மரீன்-டெக்ஸ் இரண்டில் எது கிடைத்தாலும் சரி. கெட்டித் துவையல் பதத்தில் இருக்கும், ஒழுகாது. டப்பாவில் சொன்ன விகிதத்தில் அளந்து, காற்றுக் குமிழ் வராமல் மெதுவாகக் கலக்குங்கள். லக் பள்ளத்தின் பின்சுவரில் முதலில் அழுத்தித் தேய்த்து, அப்புறம் மற்ற இடங்களை நிரப்புங்கள்.

தலை வெட்டிய இரண்டு திருகுகளை ரிசீவரில் மாட்டி, அவற்றை வழிகாட்டியாக வைத்து நேராகக் கீழே இறக்குங்கள். இங்கேதான் புதியவர்கள் கை வைத்துக் கெடுப்பது: திருகை இறுக்கவே கூடாது. இறுக்கினால் ரிசீவர் வளைந்தபடி எபாக்ஸி இறுகி, அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். ரிசீவரையும் கட்டையையும் சேர்த்து ரப்பர் குழாயை இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். பிதுங்கி வரும் பசையை டபிள்யூடி-40 தொட்ட பஞ்சுக் குச்சியால் உடனே துடையுங்கள்.

24 மணி நேரம் தொடாதீர்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பிரித்த பிறகு

கட்டையைப் பிடித்துக்கொண்டு பேரலை நேராக மேலே தூக்குங்கள், ஆட்டி அசைக்காதீர்கள். டேப், களிமண் எல்லாம் எடுத்து, ஓரத்தில் பிதுங்கியதை அரத்தால் தேய்த்து, திருகு ஓட்டைகளைத் துளைபோட்டுச் சற்றே அகலமாக்குங்கள். திருகின் உடல் கட்டையைத் தொடக் கூடாது. கடுகளவு காற்றுக் குழி ஒன்றிரண்டு இருந்தால் கவலை இல்லை. லக்கின் பின்முகத்தில் பெரிய ஓட்டை தெரிந்தால் மட்டும் அங்கே மறுபடி போடுங்கள்.

மாட்டி இறுக்குங்கள். அலுமினிய பில்லர் இருந்தால் 65 இஞ்ச்-பவுண்டு, இல்லாத மரம், பிளாஸ்டிக் கட்டைக்கு 35 முதல் 45 வரை, கட்டை செய்தவர் வேறு எண் சொல்லியிருந்தால் அது. இப்போது பேரலும் கட்டை நுனியும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன் திருகைத் தளர்த்துங்கள். விரலுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் வேலை நன்றாக வந்திருக்கிறது. டயல் கேஜ் வைத்திருப்பவர்கள் 0.002 அங்குலத்துக்குக் கீழே அசைவை எதிர்பார்க்கலாம். பேரல் துள்ளி எழுந்தால் எங்கேயோ வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், சுரண்டிவிட்டு மறுபடி போடத்தான் வேண்டும்.

டிரிகரைத் திரும்ப மாட்டியதால் இன்னொரு சோதனையும் பாக்கி. வெறும் ரைஃபிளில் போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு டிரிகரை இழுங்கள். விரலை எடுத்துவிட்டுச் சேஃப்டியை விடுவியுங்கள். அப்போது ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கும் ஊசி) விழக் கூடாது. போல்ட்டை வேகமாக அறைந்து மூடினாலும் விழக் கூடாது. விழுந்தால் மைதானத்துக்கு இல்லை, நேராகத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் போங்கள்.