டொரொண்டோக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை

டிசம்பரில் டொரொண்டோவின் பகற்பொழுது ஏறத்தாழ 9 மணி நேரமே என்பதால், வீட்டுக்குள் வளரும் செடிகளுக்குக் குளிரைவிட வெளிச்சக் குறைவே பெரிய இடர்.

1. இடம்: தெற்கு நோக்கிய ஜன்னலே சிறந்தது. அது வாய்க்காத அடுக்குமாடி வீடுகளில், வெள்ளை எல்இடி விளக்கைச் செடிக்கு மேல் சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியவிட வேண்டும்.

2. கொத்தமல்லி: சமையலுக்கு வாங்கும் முழுமல்லியே, பழையதாக இல்லாவிட்டால், முளைக்கும். ஒவ்வொரு மல்லியினுள்ளும் இரண்டு விதைகள் இருப்பதால், உள்ளங்கையால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, 1 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும். ஆணிவேர்ச் செடியாதலால் பிடுங்கி நட்டால் சோர்ந்துவிடும். வளர வேண்டிய தொட்டியிலேயே விதைத்துவிடுங்கள். முளைவிட ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகலாம். சூட்டில் விரைந்து பூத்துவிடும் செடி இது. குளிர்ந்த ஜன்னலோரம் இதற்கு உகந்தது. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை புதிதாக விதைத்து வந்தால் தட்டுப்பாடு இராது.

3. புதினா: கடைக்கட்டிலிருந்து திடமான தண்டுகளை எடுத்து, கீழிலைகளை நீக்கித் தண்ணீரில் நிறுத்துங்கள், வேர் விட்டதும் மண்ணுக்கு மாற்றுங்கள்.

4. கறிவேப்பிலை: இதற்குத்தான் பொறுமை வேண்டும். இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும் முன்னரே, இலைகளின் அடிப்புறத்தை நன்கு கழுவிவிட்டுத் தொட்டியை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். குளிர்காலத்தில் செடி ஓய்வெடுப்பதால் உரம் தேவையில்லை. மேல்மண்ணில் விரலை நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர் ஊற்ற வேண்டும். இலை கொட்டுகிறதே என்று பதறி நாள்தோறும் நீர் ஊற்றுவதுதான் பெரும்பாலும் வேரை அழுகச் செய்கிறது. வெறும் குச்சியாக நின்றாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்: தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டும்போது உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெப்பமூட்டியால் காற்று வறண்டு, இலைகளில் வெளிர்ப்புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் தோன்றினால், அது சிலந்திப்பேனின் வேலை. குளியலறையில் வைத்து இலைகளின் அடிப்புறம் படும்படி நீரைப் பீய்ச்சி, சில நாட்கள் கழித்து மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும்.

இந்த மாதங்களில் கறிவேப்பிலையைத் தாளிப்புக்கு ஓரிரு ஈர்க்கு மட்டும் பறியுங்கள். வசந்தத்தில் துளிர் தெரிந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, உரத்தைச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம்.