லிப்ரே ஆபிஸில் அடித்த தமிழ்க் கோப்பு வேர்டில் குலையாமல் திறக்க

இரண்டு பக்க மனு ஒன்றை லினக்ஸில், லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் அடித்து டாக்எக்ஸாகச் சேமித்துக் கொண்டுபோனேன். பிரிண்ட் கடையில் வேர்டில் திறந்தால் வரிகள் நீண்டு, "இப்படிக்கு" மட்டும் மூன்றாம் பக்கத்தில் தனியாக நிற்கிறது.

கோப்பு வடிவம்தான் காரணம் என்று நினைத்தேன். ரைட்டரின் ஓடிஎஃப் 2006-லும், டாக்எக்ஸுக்கு அடிப்படையான ஓஓஎக்ஸ்எம்எல் 2008-லும் ஐஎஸ்ஓ தரமாகிவிட்டவை. இரண்டுமே உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் கொண்ட ஜிப் பொட்டலங்கள்தான். டாக்எக்ஸின் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: ஆங்கில எழுத்துக்கு ஒரு ஃபாண்ட், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு வேறொரு ஃபாண்ட் என்று தனித்தனியாக எழுதியிருந்தது. நான் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபாண்டைத் தேர்ந்தெடுத்தது ஆங்கிலத்துக்கான இடத்தில். தமிழ் எழுத்தெல்லாம் லோஹித் தமிழ் என்ற வேறு ஃபாண்டிலேயே இருந்தது, அது கடைக் கணினியில் இல்லாததால் வேர்ட் வேறொன்றைப் போட்டுக்கொண்டது.

சரி, செய்ய வேண்டியது இது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' (சுருக்கமாக சிடிஎல், தமிழ் போன்ற எழுத்துகளுக்கானது) டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், அதன் மொழியைத் தமிழாக்குங்கள். அப்புறம் எஃப்11 அழுத்தி, 'டிஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல்' மீது வலது கிளிக் செய்து, ஃபாண்ட் பகுதியில் சிடிஎல் என்ற இடத்திலும் ஃபாண்டையும் அளவையும் மாற்றுங்கள், ஆங்கிலத்துக்கான வெஸ்டர்ன் மட்டும் போதாது. மாற்றியும் எழுத்து அப்படியே இருந்தால், முன்பு கையால் கொடுத்த ஃபாண்ட் ஸ்டைலை மறைக்கிறது என்று அர்த்தம். கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் எம் கொடுத்தால் அது நீங்கும், கூடவே கையால் போட்ட போல்டும் போகும் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்து ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபாண்ட்: 'எம்பெட்' டிக் செய்யுங்கள், ஃபாண்டும் கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். கோப்பு கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லை. நோட்டோவை நான் விடாமல் பயன்படுத்துவதற்குக் காரணம், அதன் உரிமம் இப்படிச் சேர்த்து அனுப்ப அனுமதிக்கிறது.

மூலக் கோப்பை எப்போதும் ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடியாகவே வைத்திருங்கள், டாக்எக்ஸ் அனுப்புவதற்கான நகல் மட்டும். பிரிண்டுக்கு மட்டும் என்றால் பிடிஎஃப் கொடுங்கள்.

பின்சேர்க்கை: யூனிகோடு அல்லாத பழைய தமிழ் ஃபாண்டான பாமினியில் அடித்த கோப்புக்கு இது பலிக்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். பலிக்காது. பாமினியில் கண்ணுக்குத்தான் தமிழ், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், அதனால் அவை வெஸ்டர்ன் கணக்கில்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மேலே சொன்னதைச் செய்யுங்கள்.