விலையுயர்ந்த கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றுத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1962ஆம் ஆண்டு லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷலும் அவருடன் வேலை பார்த்தவர்களும், ஃபெண்டர் நிறுவனத்தின் ‘பாஸ்மேன்’ ஆம்ப்ளிஃபயரை முன்மாதிரியாக வைத்துத் தாங்களே ஒன்றைச் செய்தார்கள். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான அசல், லண்டனிலிருந்த இளம் கலைஞர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. சர்க்யூட் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஒலிச் சைகையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளில் முதலாவது மாறியது. உள்ளூரில் கிடைத்த பாகங்கள் உள்ளே போயின. பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் இருந்த இடத்துக்கு, பின்புறம் மூடிய பெட்டியும் பன்னிரண்டு அங்குல செலஷன் ஸ்பீக்கர்களும் வந்தன. அப்படிப் பிறந்த ஜேடிஎம்45 பாஸ்மேனைப் போல ஒலிக்கவில்லை. இன்று அந்த மாற்றுக்கே மாற்றுத் தேடுகிறார்கள் என்பது வேறு கதை. ஒரே சர்க்யூட்டிலிருந்து இரண்டு வேறு ஒலிகள் பிறக்க முடியும் என்பதையும், ஸ்பீக்கரும் பெட்டியும் அதில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பதையும் இந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. மாற்று ஆம்ப் தேடுபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் மறப்பதால் வருபவை.

முதல் தவறு, பெயரைத் தேடுவது. அமெரிக்க ஆம்ப் தயாரிப்பாளரான அலெக்சாண்டர் டம்பிள் தம் வாழ்நாளில் ஏறத்தாழ முந்நூறு ஆம்ப்களை மட்டுமே செய்தார். அவர் 2022இல் மறைந்தார். அவர் கையால் செய்த ‘ஓவர்டிரைவ் ஸ்பெஷல்’ இன்று ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கைமாறுகிறது. எனவே ‘டம்பிள் ஒலி தரும் மலிவான ஆம்ப்’ என்ற தேடலுக்கு முடிவே இல்லை. ஆனால் அவர் ஒவ்வொரு ஆம்பையும் அதை வாங்குபவரின் வாசிப்புக்கேற்பத் திருத்திக் கொடுத்தவர். சர்க்யூட்டைப் பிறர் படியெடுக்காதிருக்க அதன்மேல் எபாக்சி என்னும் இறுகும் பிசினை ஊற்றி மூடியவர். அவருடைய இரண்டு ஆம்ப்களே ஒன்றுபோல் ஒலிக்கும் என்று சொல்ல முடியாதபோது, பிரதி எதைப் பிரதி செய்கிறது என்ற கேள்வியை வாங்குபவர் கேட்டாக வேண்டும். அந்த விலையில் பெரும்பகுதி அரிதாகக் கிடைப்பதற்கான விலை. மிச்சத்தில் கைவேலை, டிரான்ஸ்பார்மர், பெட்டி, ஸ்பீக்கர் ஆகியவை அடங்கும். இவற்றில் உங்கள் காது உண்மையில் விரும்புவது எது என்று பிரித்துப் பார்த்தால், பலருக்கு அது ஒன்றிரண்டு குணங்களில் அடங்கிவிடும்: அழுத்தி மீட்டினால் கரகரத்து, மென்மையாகத் தொட்டால் தெளியும் தன்மை, அல்லது நீண்டு நிற்கும் நடுத்தர ஸ்வரங்கள். அந்த ஒரு குணத்தைத் தேடினால் மலிவான வழிகள் பல திறக்கும். முழு ஆம்பையும் தேடினால் ஒன்றும் அகப்படாது.

கைவேலை என்றதும் ஒரு சிறு விலகல். கையால் பற்றவைத்த சர்க்யூட் பழுதுபார்க்க எளிது. பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அச்சிட்ட சர்க்யூட் பலகை என்பதற்காகவே ஓர் ஆம்பின் ஒலியைத் தாழ்வாக மதிப்பதில் நியாயமில்லை. வால்வு சாக்கெட்டுகள் அந்தப் பலகையிலேயே நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் வால்வின் வெப்பம் காலப்போக்கில் பலகையையும் பற்றவைப்புகளையும் பதம் பார்த்துவிடும்.

இரண்டாவது தவறு வாட் கணக்கில் நிகழ்வது. அதிகப் பணம் வீணாவது இங்கேதான். நூறு வாட் ஆம்ப் ஐம்பது வாட் ஆம்பைவிட இருமடங்கு சத்தமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வித்தியாசம் 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது ‘கொஞ்சம் கூடுதல்’ என்ற அளவில்தான் படும். சத்தம் இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. அதாவது பத்து வாட் ஆம்புக்கும் நூறு வாட் ஆம்புக்கும் இடையே உள்ள தூரம் நாம் கற்பனை செய்வதைவிட மிகக் குறைவு. பழைய வால்வு ஆம்ப்களின் புகழ்பெற்ற ஒலி பெரும்பாலும் பவர் வால்வுகள் திணறும் அளவுக்கு ஒலியளவைத் திருப்பியபோது கிடைத்தது. நான்கு 6எல்6 வால்வுகளும் 85 வாட்டும் கொண்ட ஃபெண்டரின் ட்வின் ரிவர்பை அந்த நிலைக்குக் கொண்டுபோனால் வீட்டில் யாரும் இருக்க முடியாது. இரண்டு 6வி6 வால்வுகளுடன் 22 வாட் தரும் அதே நிறுவனத்தின் டீலக்ஸ் ரிவர்பே படுக்கையறைக்கு அதிகம். வீட்டில் வாசிப்பவர் ஐந்து வாட்டுக்குக் கீழே பார்க்கலாம். அல்லது பவர் குறைக்கும் சுவிட்ச் உள்ள ஆம்பை எடுக்கலாம். ஒலியை மாற்றும் பெடல்களை வரிசையாக அடுக்கி, ஆம்பிலிருந்து தெளிவான ஒலி மட்டும் வேண்டும் என்பவருக்கு நிலைமை நேர்மாறானது: அவருக்கு வாட் கூடுதலாகத் தேவை, ஆனால் ஆம்பின் சொந்தக் கரகரப்புக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஒலியைக் குறைத்துக் கேட்கும்போது எந்த ஆம்பும் மெலிந்துதான் தோன்றும். மனிதச் செவி தாழ்ந்த சத்தத்தில் அடித்தள அதிர்வெண்களையும் மேல் அதிர்வெண்களையும் குறைவாகவே உணரும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே விலையுயர்ந்த ஆம்பைக் கடையில் உரக்கக் கேட்டுவிட்டு, வீட்டில் தாழ்த்தி வைத்த மலிவான ஆம்புடன் ஒப்பிட்டு ‘உயிரே இல்லை’ என்று தீர்ப்பளிப்பது அநியாயமான ஒப்பீடு. இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். சற்றே கூடுதல் சத்தத்தில் ஒலிப்பதை நம் காது ‘சிறந்தது’ என்று எடுத்துக்கொள்ளும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஸ்பீக்கரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அடுத்த தவறு. மலிவான ஆம்ப்களில் தயாரிப்பாளர் முதலில் கை வைக்கும் இடம் ஸ்பீக்கர்தான். ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் தரும் ஒன்றைப் பொருத்தினால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமமான சத்தம் கிடைக்கும். தொனி மாற்றம் அதைவிடப் பெரிதாகத் தெரியும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வேறு ஆம்ப் வாங்கியும் கிடைக்காத மாற்றம் ஒரு நல்ல பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரில் கிடைப்பது உண்டு. ஸ்பீக்கரின் மின்மறுப்பு, அதாவது ஓம் அளவு, ஆம்ப் கேட்பதோடு பொருந்த வேண்டும், ஸ்பீக்கர் தாங்கும் வாட் ஆம்பின் வாட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை மட்டும் விட்டுவிடக் கூடாது. வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்குவது அதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மரையே எரித்துவிடக்கூடும். சோதனைக்கு ஒரு நிமிடம்தானே என்றுகூட அதைச் செய்யக் கூடாது.

ஆம்ப்களின் ஒலியைக் கணினி முறையில் போலச் செய்யும் டிஜிட்டல் மாடலர் வாங்குபவர்கள் தடுக்கி விழுவதும் ஸ்பீக்கர் விஷயத்தில்தான். கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷனின், அதாவது கரகரப்பின், கூர்மையை மழுக்கி இனிமையாக்குவது அந்தச் சரிவுதான். மாடலரில் கேபினெட் சிமுலேஷனை, அதாவது ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் வசதியை, அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டால் தேனீக்கூட்டம் இரைவது போன்ற ஒலி வரும். அதை அணைக்காமல் உண்மையான கிட்டார் கேபினெட்டில் இணைத்தால் இரண்டு கேபினெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மங்கிவிடும். கருவி மோசம் என்று திருப்பிக் கொடுக்கப்படும் மாடலர்களில் எத்தனை இப்படித் தவறாக இணைக்கப்பட்டவையோ! இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாடலர் தருவது மைக் வைத்துப் பதிவு செய்த ஆம்பின் ஒலி. உங்கள் முழங்காலுக்குப் பின்னால் அறையை அதிரவைக்கும் ஆம்பின் அனுபவத்தை அது தராது. பதிவுசெய்ய வேண்டும் என்பவருக்கு அது குறையே அல்ல, மிகப்பெரிய லாபம். அறையில் காற்று அசைய வேண்டும் என்பவர், ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் சேர்ந்த டிஜிட்டல் காம்போவை நேரில் கேட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். காணொளிகளைப் பார்த்து ஆம்ப் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அங்கே நீங்கள் கேட்பது மைக்கையும், அந்த அறையையும், வாசிப்பவரின் விரல்களையும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றாலே தொடக்கநிலையாளருக்கு என்ற எண்ணத்தை ஒரே ஓர் எடுத்துக்காட்டு கலைத்துவிடும். 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120இல் ஒரு வால்வுகூடக் கிடையாது. தெளிவான ஒலிக்கு இன்றும் அதை அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

பழைய வால்வு ஆம்பை வாங்குவது நல்ல வழிதான், ஆனால் விற்பவர் சொல்லும் விலை முழு விலை அல்ல. பவர் வால்வுகள் தேயும் பொருள்கள். பல ஆம்ப்களில் அவற்றை மாற்றும்போது பயாஸையும், அதாவது வால்வின் வழியே ஓடும் அடிப்படை மின்னோட்டத்தின் அளவையும், சரிசெய்ய வேண்டும், அதற்குத் தெரிந்த டெக்னீஷியன் தேவை. மிகப் பழைய ஆம்பில் மின்தேக்கிகளும் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கலாம். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பின்பலகையைக் கழற்றிக் கைவைத்துப் பார்ப்பது உயிருக்கே ஆபத்தானது. வேறு நாட்டிலிருந்து வந்த ஆம்ப் என்றால், அது 120 வோல்ட்டுக்கானதா 230 வோல்ட்டுக்கானதா, டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் இயங்கத் தக்கதா என்று பின்புறத் தகட்டைப் படித்துப் பார்க்க வேண்டும்; 60 ஹெர்ட்ஸுக்கென மட்டும் செய்தது 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும்.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. உங்கள் சொந்த கிட்டாரை எடுத்துச் செல்லுங்கள். கடையின் விலையுயர்ந்த கிட்டாரில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் ஒலிக்கும். ரிவர்ப், எஃபெக்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். ஆம்ப் சற்றே கரகரக்கும் நிலையில் ஒரு கார்டை அழுத்தி மீட்டிவிட்டு, கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து நான்குக்கு இறக்கி மீண்டும் மீட்டுங்கள்: ஒலி தெளிகிறதா, அல்லது சத்தம் மட்டும் குறைந்து மந்தமாகிறதா என்பதில் அந்த ஆம்பின் தரம் தெரிந்துவிடும். ஒரு தனி ஸ்வரத்தை மீட்டி, அது அடங்கும் கடைசிக் கணம் வரை காத்திருங்கள். மோசமான சர்க்யூட்டில் அந்த வால்பகுதி சீராக மங்காமல் பொரிந்து அறுபடும். பழைய ஆம்பாக இருந்தால் ஒவ்வொரு குமிழையும் முழுவதும் திருப்பிக் கரகரப்பு உண்டா என்று கேளுங்கள். விற்பவரின் அனுமதியோடு, ஒரு பென்சிலின் முனையால் முன்பகுதி வால்வுகளை இலேசாகத் தட்டினால், தேய்ந்த வால்வு மணி போல ஸ்பீக்கரில் திரும்ப ஒலிக்கும். அப்படி ஒலித்தால் அதற்காகவே ஆம்பை ஒதுக்க வேண்டாம். புது வால்வின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.