வெளிநாட்டு நர்சிங், மருத்துவக் கவுன்சில் மீது சென்னையில் வழக்குப் போடும் முன்

முதலில் மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலோ மருத்துவக் கவுன்சிலோ அங்கே தொழில் செய்வதற்கான பதிவு தர மறுத்தால் அவர்களுடைய மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போக 28 நாள்தான் இருக்கிறது, அங்கும் தோற்றால் அந்த நாட்டு உள்ளூர் சிவில் நீதிமன்றமான கவுன்டி கோர்ட். சென்னை பாரிமுனைக் கோர்ட்டில் நீங்கள் போடும் எந்த வழக்காலும் அந்த 28 நாள் ஒரு நாள்கூட நீளாது. பதிவு கிடைப்பதுதான் நோக்கம் என்றால் இன்றைக்கே அந்த மேல்முறையீட்டை எழுத உட்காருங்கள், சென்னை வழக்கைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

சரி, அதையும் தாண்டி இங்கே வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் எதிரில் நிற்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86ஆம் பிரிவு. மத்திய அரசின் செயலாளர் ஒருவர் எழுத்தில் சான்றளித்த சம்மதம் இல்லாமல் அயல்நாட்டு அரசு மீது எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. "கவுன்சில் அரசாங்கமே இல்லையே, டாக்டர்கள் கட்டும் கட்டணத்தில் நடக்கிற தனி அமைப்புதானே" என்று நீங்கள் கேட்கலாம். வாதம் நல்ல வாதம்தான், பிரிட்டன் மருத்துவக் கவுன்சில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனி அமைப்பு என்பதும் உண்மை. ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கிழக்கு ஜெர்மனியின் அரசுக் கப்பல் நிறுவனம் ஒன்றின் மீது கல்கத்தாவில் போட்ட வழக்கில், தனி நிறுவனமாக இருந்தாலும் 86ஆம் பிரிவுச் சம்மதம் வேண்டும் என்று 1993இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கவுன்சில் விஷயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தீர்ப்பாகத்தான் இருக்கும்.

அதனால் பிராது (வழக்கைத் தொடங்கும் மனு) தாக்கல் செய்வதற்கு முன்பே டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்குச் சம்மதம் கேட்டு விண்ணப்பியுங்கள். முடிவு வரும்வரை காத்திருக்கும் காலத்தை, வழக்குப் போட உள்ள கெடுவைக் கணக்கிடும்போது காலவரையறைச் சட்டத்தின் 15(2) பிரிவு கழித்துவிடும், ஆகவே அனுப்பிய தேதிக்கும் பதில் வந்த தேதிக்கும் சான்று வைத்துக்கொள்ளுங்கள். கஷ்டமான இடம் அடுத்ததுதான். சம்மதம் தர 86(2) நான்கு காரணங்களைத்தான் சொல்கிறது: அந்த அரசு உங்கள் மீது அதே கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்க வேண்டும், அல்லது அந்தக் கோர்ட் எல்லைக்குள் வியாபாரம் செய்ய வேண்டும், அல்லது வழக்கே அங்கே அது வைத்திருக்கும் அசையாச் சொத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், அல்லது இப்படிச் சம்மதமில்லாமல் தன் மீது வழக்குப் போட முடியாது என்ற விலக்குரிமையை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். பதிவு மறுப்பு இந்த நான்கில் எதிலும் சுலபமாகப் பொருந்தாது, ஏனென்றால் யாருக்கு உரிமம் தருவது, யாருக்கு மறுப்பது என்பது ஒரு நாட்டின் ஆளும் அதிகாரம் அல்லாமல் வேறென்ன? சென்னையில் தேர்வு நடத்திக் கட்டணம் வாங்கியது, இங்கே ஒருவரோடு ஒப்பந்தம் போட்டது போன்றவை இருந்தால் "வியாபாரம்" என்று வாதாட ஒரு பிடி கிடைக்கும். விண்ணப்பத்தில் அந்தப் பகுதியை முதல் பத்தியிலேயே ரசீதோடு வையுங்கள், மறுப்பால் பட்ட வேதனையைப் பின்னால் எழுதுங்கள்.

அமைச்சகம் ஒரு வரியில் மறுத்துவிட்டால் விட்டுவிடாதீர்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் மறுக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. அல்ஜீரியத் தூதரகத்தில் பழுதுபார்த்த வேலைக்குப் பணம் வராத ஒருவரின் வழக்கில், 1986இல் சுப்ரீம் கோர்ட் மத்திய அரசின் மறுப்பை ஏற்காமல் மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. அமைச்சகத்தின் மறுப்பை எதிர்த்து ஹைகோர்ட்டில் போடும் ரிட் மனுவுக்கு அது வலுவான துணை.

நுகர்வோர் ஆணையத்தில் 86ஆம் பிரிவு குறுக்கே வராது என்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் வழக்கில் 2011இல் தீர்ப்பு வந்தது, பலர் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது சரக்கு ஏற்றிய விமான நிறுவனம். தேர்வு நடத்துவது 'சேவை' ஆகாது என்று பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் 2009இல் சொல்லப்பட்டிருப்பதால், மதிப்பெண்ணையோ பதிவையோ எதிர்த்து அந்த வழியில் போவது வீண்செலவு என்றே நினைக்கிறேன்.

சம்மன் அனுப்புவது, கோர்ட் தாள்களை வேறு நாட்டுக்கு அனுப்புவதற்கான ஹேக் ஒப்பந்தப்படி நடக்கும், நாள் பிடிக்கும். டிக்ரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) வாங்கினாலும் அந்த அரசின் சொத்து மீது நிறைவேற்ற 86(3)படி இன்னொரு சம்மதம் வேண்டும். லண்டனில் போய் நிறைவேற்றலாம் என்றால், எதிர்த்தரப்பு இங்கே வந்து வழக்காடாமல் ஒருதலைப்பட்சமாக வாங்கிய டிக்ரியை அங்கே ஏற்க வைப்பது மிகவும் கடினம்.

அதனால் பணம்தான் போனது என்றால் பணத்தை வாங்கியது யார் என்று தேடுங்கள். பதிவு வாங்கித் தருகிறேன் என்று சொன்ன சென்னை ஏஜென்சி, கோச்சிங் சென்டர், தப்பான தாளை அனுப்பிய ஆவண முகவர் என்று இவர்களில் எவருக்கும் விலக்குரிமை கிடையாது, சம்மதமும் வேண்டாம், சம்மன் ஆட்டோ தூரத்தில் போய்ச் சேரும். அவர்கள் தந்த ரசீது, வாட்ஸாப் உரையாடல், வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் பிரின்ட் எடுத்து வக்கீலிடம் கொடுத்து, கவுன்சிலைப் பிரதிவாதியாகச் சேர்க்காமலேயே பிராது எழுதச் சொல்லுங்கள்.