போனில் எது அரிசி, எது அல்வா?

அல்வா இல்லாமல் நாள் போகும், அரிசி இல்லாமல் போகாது. திருநெல்வேலிக்காரர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வரலாம், ஆனாலும் உண்மை அதுதான். போனில் கிடக்கிற ஆப்களையும் இப்படிப் பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரே தொல்லை, எல்லா ஆப்பும் தன்னை அரிசி என்றுதான் சொல்லிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: ஆப் பெயர், இது இல்லாவிட்டால் வேலை எப்படி நடக்கும், கடைசியாக எப்போது திறந்தோம். இரண்டாவது கட்டம்தான் முக்கியம். கவுன்டர், போன் நம்பர், வெப்சைட், காகிதம் இவற்றில் ஏதாவது ஒன்றால் அதே நாளில், அதே செலவில் வேலை முடியும் என்றால் அந்த ஆப் வசதிதான். வழி இருக்கிறது, ஆனால் அரை நாள் கூலியும் பஸ் காசும் போகும் என்றால் அது உங்களுக்கு அவசியம். பாளையங்கோட்டையில் பேங்க் வாசலில் குடியிருப்பவருக்கும் களக்காட்டுக்கு மேற்கே இருந்து பஸ் பிடித்து வருபவருக்கும் பேங்க் ஆப் ஒரே எடை கிடையாது. அதனால் பக்கத்து வீட்டுப் பட்டியலைப் பார்த்து எழுதாதீர்கள். மகன் துபாயில் இருக்கிற ஆச்சிக்கு வாட்ஸ்அப் வீடியோ கால் அரிசிதான். அதில் யாரும் வாதம் பண்ண வேண்டாம்.

பணம்: இங்கேதான் நேரம் செலவழிக்கணும்

டீக்கடையில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். "ஸ்கேன் ஆகலியே அண்ணாச்சி, சுத்திக்கிட்டே இருக்கு." "சரி, பொறவு தாங்க." தெரிந்த கடை என்றால் இப்படி முடியும். தெரியாத ஊர், பெட்ரோல் பங்க், மருந்துக்கடை என்றால் முடியாது. யுபிஐ ஆப் ஒன்று இருக்கட்டும். இரண்டு, மூன்று வேண்டாம். அக்கவுன்ட் ஒன்றுதான், ஆப் கூடக் கூட ஏமாறுகிற வாசலும் கூடும்.

இன்டர்நெட் இல்லாத நேரத்தில் பணம் அனுப்ப, பேலன்ஸ் பார்க்க *99# இருக்கிறது. பட்டன் போனிலும் ஓடும். முன்கூட்டியே ஒரு முறை அமைத்து வைத்தால்தான் அவசரத்தில் உதவும். அமைக்கும் விதம் இது. பேங்கில் பதிந்த சிம் உள்ள போனில் *99# அடித்து கால் பட்டனை அழுத்துங்கள். பேங்க் பெயர் அல்லது ஐஎஃப்எஸ்சி கோடின் முதல் நான்கு எழுத்து கேட்கும். அந்த நம்பருடன் சேர்ந்த அக்கவுன்ட்களைக் காட்டும், உங்களுடையதைத் தேர்ந்தெடுங்கள். யுபிஐ பின் இதற்கு முன் வைத்ததில்லை என்றால் டெபிட் கார்டின் கடைசி 6 எண்ணும் காலாவதி மாதமும் வருஷமும் கேட்டு, பின் வைக்கச் சொல்லும். அதன்பிறகு மெனுவில் 1 பணம் அனுப்ப, 3 பேலன்ஸ் பார்க்க. அனுப்பும்போது எதிராளியின் மொபைல் நம்பரை அடித்ததும் பெயர் வரும். பெயரைப் படித்துப் பார்க்காமல் அடுத்த எண்ணை அழுத்தாதீர்கள். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரைதான் போகும்.

இது தவறுகிற இடங்கள் இரண்டு. ஒன்று, திரையில் கேள்வி வந்ததும் யோசித்துக்கொண்டே இருந்தால் நேரம் முடிந்து அறுந்துவிடும். எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அடியுங்கள். இரண்டு, எல்லா கம்பெனி சிம்மிலும் இது எடுக்காது. இன்றைக்கே அடித்துப் பாருங்கள். எடுக்காவிட்டால் 080 4516 3666 என்ற எண்ணுக்குப் போன் செய்து, குரல் சொல்வதைக் கேட்டு எண் அழுத்தி அனுப்புகிற யுபிஐ 123பே இருக்கிறது. சிக்னல் இருந்தால் போதும், டேட்டா வேண்டாம்.

பேலன்ஸ் பார்க்க மட்டும் பேங்க் ஆப் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிடலாம். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களில் பலருக்குக் கூலி ஏறிவிட்டதா என்பதுதான் கேள்வி. ஸ்டேட் பேங்க் அக்கவுன்ட் என்றால் REG என்பதற்குரிய மூன்று ஆங்கில எழுத்தும் (ஆர், இ, ஜி) ஓர் இடம் விட்டு அக்கவுன்ட் நம்பரும் அடித்து கிளையில் சொல்கிற எண்ணுக்கு ஒரு முறை எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிந்துகொண்டால், பிறகு 92237 66666க்கு மிஸ்டு கால் கொடுத்தாலே பேலன்ஸ் எஸ்எம்எஸ்ஸாக வரும். மற்ற பேங்குகளும் இதுபோல் எண் வைத்திருக்கின்றன. பாஸ்புக்கின் பின்பக்கமோ கிளையின் பலகையோ பார்த்து நோட்டில் எழுதுங்கள். கூகுளில் தேடி எடுத்த எண்ணை எழுதாதீர்கள். கஸ்டமர் கேர் என்று திருடர்கள் போட்டு வைத்த எண்ணும் அங்கேதான் கிடக்கிறது.

யுபிஐ லைட் (ஆப்பிலேயே கொஞ்சம் பணத்தைப் போட்டு வைத்துச் செலவழிப்பது) வைத்திருப்பவர்கள் கவனிக்க. சில்லறைச் செலவுக்கு அது நல்லது, பின் கேட்காது, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை போகும். ஆனால் அந்தப் பணம் அந்த ஆப்போடு, அந்த போனோடு கட்டுண்டது. ஆப்பை அழிப்பதற்கோ போனை மாற்றுவதற்கோ முன், லைட்டை மூடி பணத்தை அக்கவுன்டுக்குத் திருப்பிவிடுங்கள். புதுப் போனில் யுபிஐ போடும்போது "எஸ்எம்எஸ் சரிபார்க்க முடியவில்லை" என்று நின்றால் பெரும்பாலும் காரணம் சிம்மில் எஸ்எம்எஸ் போகிற ரீசார்ஜ் இல்லாதது, அல்லது பேங்கில் பதிந்த சிம் இருக்க வேறு சிம்மைத் தேர்ந்தெடுத்தது. ஆப்பில் கோளாறு இருக்காது.

பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. "பின் போட்டால் பணம் வரும்" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள்.

ரயில்

திருச்செந்தூர் பாசஞ்சருக்கோ செங்கோட்டை வண்டிக்கோ டிக்கெட் எடுக்க ஆப் அவசியமில்லை, ஆனால் விசேஷ நாளில் ஜங்ஷன் கவுன்டர் வரிசையைப் பார்த்தவர்கள் வைத்துக்கொள்வார்கள். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் ஆப்பில் முன்பதிவு டிக்கெட், முன்பதிவில்லாத டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். காகிதமில்லாத டிக்கெட்டில் ஆட்கள் மாட்டுகிற விதம் தெரிந்திருக்க வேண்டும். பிளாட்பாரத்துக்குள் வந்துவிட்டு எடுக்கப் பார்த்தால் ஆப் மறுக்கும். ஸ்டேஷனுக்கு வெளியே ரோட்டிலேயே, லொகேஷனைப் போட்டுக்கொண்டு எடுத்துவிடுங்கள். 199 கிலோமீட்டர் வரையான முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு எடுத்த 3 மணி நேரத்துக்குள் பயணம் தொடங்க வேண்டும், ஆகவே காலை வண்டிக்கு முந்தின ராத்திரி எடுக்காதீர்கள். ஆப்பைத் திறந்து காட்டுவதுதான் டிக்கெட், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போன் சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட் இல்லாதவர் கணக்குத்தான், கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேசாமல் கவுன்டரில் எடுங்கள்.

பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் பிடிக்க ஆப்பும் வெப்சைட்டும் ஒன்றுதான். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. தட்கல் ஏசிக்குக் காலை 10, மற்றதற்கு 11. ஆன்லைனில் தட்கல் எடுக்க ஆதார் இணைத்த கணக்கு வேண்டும் என்பது 2025 ஜூலை முதல் விதி. அந்த இணைப்பை 9.55க்கு உட்கார்ந்து செய்ய முடியாது, ஒரு வாரம் முன்பே செய்துவையுங்கள்.

டவுன் பஸ்ஸுக்கு எதுவும் வேண்டாம். ஜங்ஷனில் இருந்து பாளைக்குப் பஸ் எப்போது வரும் என்று பார்க்க ஆப் திறப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

கரண்ட், கேஸ், ரேஷன், பட்டா

இவை நான்கும் அல்வா வரிசை, விரைவாக முடித்துவிடலாம். கரண்ட் பில்லை மின்வாரிய வெப்சைட்டில் இணைப்பு எண்ணை மட்டும் போட்டுக் கட்டலாம், இருக்கிற யுபிஐ ஆப்பிலும் கட்டலாம். தனி ஆப் எதற்கு? புகாருக்கு மின்னகம் 94987 94987. "இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று பத்து இலக்க எண்ணில் இருந்து எஸ்எம்எஸ் வந்தால் அது மின்வாரியம் இல்லை.

கேஸுக்கு, இண்டேன் என்றால் பதிந்த நம்பரில் இருந்து 84549 55555க்கு மிஸ்டு கால் போதும். டெலிவரி கோடு எஸ்எம்எஸ்ஸில் வரும். சிலிண்டர் வீட்டுக்குள் இறங்கிய பிறகுதான் அதைச் சொல்ல வேண்டும், போனில் கேட்டால் சொல்லக்கூடாது. ரேஷனுக்குக் குடும்ப அட்டையும் கைரேகையும், புகாருக்கு 1967.

பட்டா, சிட்டா பார்ப்பதற்கென்று பிளே ஸ்டோரில் ஏகப்பட்ட ஆப் கிடக்கிறது. பலவும் தனியார் போட்டவை. அரசு வெப்சைட்டையே உள்ளே திறந்து காட்டி, நடுவில் விளம்பரம் போட்டு, போகிற போக்கில் உங்கள் நம்பரையும் வாங்கிக்கொள்ளும். குரோமில் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையச் சேவைப் பக்கத்தைத் திறந்து மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் அதே காகிதம் நேராக வரும். வில்லங்கம் பார்க்கப் பதிவுத்துறை வெப்சைட். இரண்டையும் ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப் மாதிரியே ஐகான் இருக்கும், இடம் பிடிக்காது.

ஆவணங்களை போனில் வைத்துக் காட்டுகிற அரசு ஆப்பான டிஜிலாக்கர் மட்டும் வைத்திருக்கலாம். வண்டிச் சோதனையில் லைசென்ஸ், ஆர்சி இரண்டையும் அதில் காட்டலாம், சட்டப்படி செல்லும். கேலரியில் இருக்கிற போட்டோவுக்கு அந்த மதிப்பு கிடையாது.

கழிக்கும் வேலை

பிளே ஸ்டோரைத் திறந்து மேலே உங்கள் படத்தைத் தொடுங்கள். மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ், அடுத்து மேனேஜ். வரிசையை "லீஸ்ட் யூஸ்டு" என்று மாற்றினால் மாதக்கணக்கில் தொடாதவை மேலே வரும். டிக் போட்டு மொத்தமாக அழிக்கலாம். அழிப்பதற்கு முன் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஆப் போனாலும் மாதாமாதம் பணம் எடுக்கிற ஆட்டோபே போகாது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். கடன் கொடுக்கிற ஆப்பில் பாக்கி இருந்தால், அழிப்பதற்கு முன் பாக்கிக் கணக்கைப் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து பர்மிஷன். செட்டிங்ஸில் பிரைவசி, பர்மிஷன் மேனேஜர். அதில் எஸ்எம்எஸ், கான்டாக்ட்ஸ் இரண்டையும் மட்டும் முதலில் பாருங்கள். டார்ச், காலண்டர், ராசிபலன் ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கிற உரிமை இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், ஓடிபி வருவது அங்கேதான். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், பிஎம் கிசான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (தொட்டால் பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப் ஏற்றுகிற ஃபைல்) வந்தால், அனுப்பியது சொந்த மாமாவாகவே இருந்தாலும் தொடாதீர்கள். மாமாவின் போன் ஏற்கனவே போயிருக்கும், அதுதான் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும்.

"ஆப் நிறைய, போன் திணறுது" என்று சொல்கிறவர்களின் போன்களில் பல வாட்ஸ்அப்பால் நிரம்பியவை. செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ். 5 எம்பிக்கு மேற்பட்டவை என்ற பகுதியைத் திறந்தால் காலை வணக்கமும் குற்றால அருவி வீடியோவும் அடுக்கடுக்காக இருக்கும். (அந்த வீடியோவை நம்பி சீசனுக்குக் கிளம்பவும் வேண்டாம், போன வருஷத்துத் தண்ணீராக இருக்கும்.) அழித்த கையோடு தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்துங்கள்.

சிக்னல் போகிற நாளுக்கு

2023 டிசம்பர் 17, 18ஐ நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது, கரண்ட் போனது, டவர்கள் பல இடங்களில் அணைந்தன. அன்றைக்கு அவசியமான ஆப்பும் வசதியான ஆப்பும் ஒரே மாதிரிக் கண்ணாடிதான்.

ஆகவே நோட்டின் கடைசிப் பக்கம். வீட்டார் நம்பர்கள் ஐந்து, கையால் எழுதியது. ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112, கலெக்டர் ஆபீஸ் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, பணம் பறிபோனால் 1930 (உடனே அழைத்தால்தான் பணத்தை நிறுத்த வழியுண்டு, மறுநாள் என்று தள்ளாதீர்கள்). 2,000 ரூபாய், பத்தும் ஐம்பதும் நூறுமாக. ஐந்நூறு நோட்டுக்கு அன்றைக்கு யாரிடமும் சில்லறை இருக்காது. ஐப்பசி பிறந்ததும் பவர் பேங்கை நிரப்பி, மாதம் ஒரு தடவை மறுபடி நிரப்புங்கள். பாட்டரியில் ஓடுகிற சின்ன ரேடியோ ஒன்று. பாபநாசம், மணிமுத்தாறு அணையில் தண்ணீர் திறக்கும் செய்தி டேட்டா இல்லாத வீட்டுக்கு அந்த வழியாகத்தான் வரும். கூகுள் மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டு ஆஃப்லைன் மேப்ஸ் பகுதியில் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்றும் அடங்கும்படி கட்டத்தை இழுத்து டவுன்லோடு செய்யுங்கள். காரையாறு பக்கம் போகும்போதும் அது உதவும்.

நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், தரையில் இருந்து ஆள் உயரத்துக்கு மேலே மாட்டுங்கள்.